தக்காளி வானம்

"ஒரு மணி நேரம் அணைச்சு வை. உன் தக்காளி ஒண்ணும் செத்துப் போயிடாது."

குன்னெவி தம்பியின் பசுமைக்குடில் வாசலில் நின்றபடி சொன்னாள். உள்ளே போகவில்லை. வெளிக் காலணியோடு வந்தால் செடிக்கு நோய் தொற்றும் என்று அவன் பலகை மாட்டியிருந்தான். அது அக்காவுக்காகவே மாட்டிய பலகை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஸிக்ஸ்டன் கொடியைக் கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"வடக்கு ஓரத்துத் துண்டு நிலம். கையெழுத்துப் போடு, இப்பவே அணைக்கிறேன்."

அப்பா பாகம் பிரித்தபோது அவளுக்கு வந்த நிலம் அது. கிடைத்தால் இன்னொரு குடில் எழுப்பிவிடுவான். அவள் தர மாட்டாள். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதென்றால் வருடக்கணக்காக இந்த ஒரே பேச்சுதான்.

ஆனால் இன்றைக்கு அவளுக்கு வேறு அவசரம்.

கண்ணில் அழுத்தம். வலது கண் போன வருடமே இருண்டுவிட்டது. இடது கண்ணில் ஓரங்களெல்லாம் கரைந்து, சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு அந்த வட்டம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். சூரியனில் பெரிய கொந்தளிப்பு, இன்று மாலை வடதுருவ ஒளி தெற்குக் கரை வரை தெரியும் என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. நாளை முதல் மேகம்.

அதைப் பார்க்க நாட்டின் வடகோடியிலிருக்கும் லாப்லாந்துக்கு விமானம் ஏறி வருகிறார்கள். குன்னெவி கேட்டது தன் வீட்டுப் படியில் நின்று ஒரு முறை பார்க்க. அதற்குத்தான் வழியில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக்குப் பொய் வெயில் காட்டும் விளக்குகள், வரிசை வரிசையாக. குளிர்காலம் முழுவதும் அவள் வீட்டு வானம் ஆரஞ்சு நிறம். வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி, வடதுருவ ஒளி என்று நம்பி அதைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவள் ஒன்றைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். காற்று அசையாமல் காற்றாலைகள் நின்றுபோகும் கடுங்குளிர் மாலைகளில் மின்சார விலை எகிறும். எங்கள் ஊரில் மணிக்கு மணி விலையைப் பார்த்துவிட்டுத்தான் நீராவிக் குளியலுக்கான சௌனா அடுப்பையே போடுவோம். விலை ஏறினால் தக்காளிக்காரர்கள் விளக்கை அணைத்துவிடுவார்கள், ஸிக்ஸ்டன் உட்பட.

"விலை ஏறும், தானா அணைப்பான்னு பாக்கறியா?" அவன் இப்போதுதான் திரும்பினான். சிரித்தான். "இன்னிக்கு மட்டும் எவ்வளவு வேணா ஏறட்டும்க்கா. எரியும்."

"எம்மேல இருக்கற கடுப்புல உன் காசைக் கொளுத்தறே."

"என் காசு. என் விளக்கு. உன் கண்ணு."

கடைசி வார்த்தைக்கு, பழம் அடுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி மைலிஸ்கூட நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாமியாரை அடக்கம் செய்த அன்று காபிக்கு எந்தக் கேக் வைப்பது என்பதில் நாத்தனாரோடு முறிந்தவள் அவள். பெட்டி மூடியை மட்டும் ஓங்கி அறைந்து மூடினாள்.

மதியம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. விலை ஏற ஏற, அடிவானத்தில் மற்ற ஊர்க் குடில்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் ஸிக்ஸ்டனுடையது மட்டும், சொன்ன சொல் தவறாமல் கொழுந்துவிட்டு எரிந்தது.

குன்னெவி படியில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். எங்கே திருப்பினாலும் அந்த வட்டத்துக்குள் ஆரஞ்சு.

"நாசமாப் போ" என்று வேலியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கொட்டகையைத் திறந்தாள். உள்ளே சறுக்கு நாற்காலி இருந்தது. பின்னால் நின்று ஒரு காலால் உந்தினால் பனியில் வழுக்கிக்கொண்டு ஓடும். நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டாள். கார் ஓட்ட அவளுக்கு அனுமதி இல்லை. வீட்டுக்குக் கீழே உறைந்து கிடந்த கடலில் போக யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பனிக்கட்டி மேல் போகும் பாதைக்குக் கிளைகள் நட்டு அடையாளம் வைத்திருந்தார்கள். அதைவிட்டு இடது பக்கம் போனால் நீரோட்டம்; அங்கே பனிக்கட்டி ஆளைத் தாங்காது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நெற்றி விளக்கின் ஒளியில் கிளைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் போனாள். கடலுக்குள் நீண்டிருந்த காட்டு முனையைத் தாண்டி வந்து, விளக்கை அணைத்துவிட்டு வடக்கே பார்த்தாள்.

பச்சையாக ஒரு கறை. துணியில் பட்டுத் துவைத்ததுபோல். பின்னால் மரங்களுக்கு மேலே ஸிக்ஸ்டனின் ஆரஞ்சு, இத்தனை தூரம் வந்தும் விடவில்லை.

அங்கே குடிலில், ஆறு மணி விலையைப் பார்த்தாள் மைலிஸ். புருஷனிடம் போய்க் கேட்கவில்லை. நேராகச் சுவரிலிருந்த பெரிய விசையைக் கீழே இழுத்தாள். ஸிக்ஸ்டன் ஓடி வந்தான்.

"உங்கக்கா மேல இருக்கற கோவத்த உங்காசுல காட்டு" என்றாள். "பாதி என்னுது."

கடலில், குன்னெவியின் முதுகுக்குப் பின்னால் உலகம் அணைந்தது.

அப்புறம் வானம் வந்தது.

பச்சை வடக்கிலிருந்து எழுந்து தலைக்கு மேலே ஏறி, மடிந்து, விளிம்பில் சிவந்து, மறுபடி பிரிந்தது. மொத்தத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க அவளால் முடியாது. சுவரில் எழுதியதை எழுத்தெழுத்தாகப் படிப்பதுபோல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பியதில் திசை போய்விட்டது.

நெற்றி விளக்கை அழுத்தினாள். குளிரில் பேட்டரி செத்திருந்தது. கிளை எதுவும் தெரியவில்லை. ஏதோ ஒரு பக்கம், தண்ணீர் பனிக்கட்டியை அடியிலிருந்து முட்டும் சத்தம். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

மண்டியிட்டுத் தடவிக்கொண்டே கிளையைத் தேடலாம். அப்படித் தேடினால் பார்ப்பது தரையைத்தான். குன்னெவி சறுக்கு நாற்காலியின் இருக்கையில் உட்கார்ந்தாள். அண்ணாந்தாள்.

ஸிக்ஸ்டன் வெளியே வந்தபோது திறந்து கிடந்த அக்காவின் கொட்டகையைப் பார்த்தான். கரை வரை பனியில் போன சறுக்கு நாற்காலியின் இரண்டு கோடுகளைப் பார்த்தான். திரும்பி ஓடிப் போய் விசையை மேலே தள்ளினான். ஒன்றும் எரியவில்லை. சூட்டோடு அணைந்த விளக்கு ஆறாமல் மறுபடி பிடிக்காது. தெரிந்தும் இன்னும் இரண்டு முறை தள்ளினான். "எங்க?" என்றாள் மைலிஸ். அவன் கடல் பக்கம் கையைக் காட்டினான். அவள் அவனைத் தள்ளிவிட்டு விசையருகே நின்றுகொண்டாள். அவன் கரைக்கு ஓடினான்.

"அக்கா..."

குரல் காட்டு முனையில் மோதி இரண்டு பக்கமிருந்தும் வந்தது. குன்னெவிக்குக் கேட்டது. அவள் பதில் கொடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். மறுபடியும். மேலே சிவப்பு அகலமாகிக்கொண்டிருந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கடைசியில் மரங்களுக்கு மேல் மங்கலாக ஒரு இளஞ்சிவப்பு. அது ஆரஞ்சாக முற்றி, பச்சையைக் கீழிருந்து தின்ன ஆரம்பித்தது. குன்னெவி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்தாள். நாற்காலியை அந்த வெளிச்சத்தை நோக்கித் திருப்பி உந்தினாள்.

கரையில் அவன் நின்றிருந்தான். தலையில் தொப்பிகூட இல்லை.

"காதும் போச்சா உனக்கு?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் வாயைத் தொறக்கல?"

"பாத்துக்கிட்டிருந்தேன்."

ஏற்றத்தில் நாற்காலியைத் தள்ளக் கை வைத்தான். அவள் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு பேரும் ஏறினார்கள். அவள் படியருகே வந்ததும், அணைத்தது தான் இல்லை, மைலிஸ்தான் என்று சொன்னான். நீயாக இருந்தால்தான் அதிசயம் என்றாள் அவள். நிலத்தைப் பற்றி மறுபடி தொடங்கினான். ஒரு அடிகூடக் கிடையாது என்றாள்.

அவன் போகவில்லை. குடில் கட்டிய நாளிலிருந்து அந்த விளக்குகளுக்குக் கீழேயேதான் அவனுக்கும் எல்லாக் குளிர்காலமும் கழிந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

குன்னெவி கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். எல்லாம் உள்ளே இருந்தது. மடிந்த பச்சை, அதன் சிவந்த ஓரம், ஒவ்வொரு துண்டும். செவ்வாய்க்கிழமை யார் எதை வெட்டினாலும் அது போகாது. அதில் ஒரு துண்டைக்கூட இவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"அணைச்சுட்டுப் பாரு" என்றாள்.

கதவை உள்ளே தாழிட்டாள். ஸிக்ஸ்டன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். தக்காளி நிறம்.