நடுவுக்குப் போகும் பந்து

ரொட்டிக் கடைக்கு வெளியே நின்ற நீல வண்டிக்குள் உட்கார்ந்து இவெலீஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்திருந்தவர் எரிபெர்த்தோ. ஐந்து ஆட்டங்கள் கொண்ட அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் இவர்கள் அணியைச் சுருட்டி எறிந்த கடற்கரை ஊர் அணியின் கோச். ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி நெரெய்தா தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். ஏன் ஒதுங்கினோம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தாள். போய்க் கண்ணாடியைத் தட்டி, "இங்க என்னடி பண்ற?" என்று கேட்டிருக்கலாம்.

புவேர்த்தோ ரிக்கோவின் மலையூர் ஒன்றின் கைப்பந்து அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் நெரெய்தா. முப்பத்து நான்கு வயது. முன்பு சில ஆட்டப் பருவங்கள் துருக்கியில் ஆடினாள். அங்கே குளிரில் விரல் மரத்துப்போகும். யார் எப்போது குதிப்பார்கள் என்று பிடிபடுவதற்குள் பருவம் முடிந்து பெட்டி கட்டச் சொல்லிவிடுவார்கள். இங்கே இவெலீஸ் இருந்தாள். வலைக்கு நடுவிலிருந்து எழும்பி அடிப்பவள். நெரெய்தா பந்தைத் தொடுவதற்கு முன்பே அவள் காற்றில் இருப்பாள். அவள் கை வருகிற இடத்தில் பந்து இருக்கும். பதினோரு வருடமாக அப்படித்தான். ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் புருஷன் பெண்டாட்டி என்றே கேலி செய்வார்கள்.

அந்தப் பந்துதான் முதல் ஆட்டத்தில் செத்துப்போயிருந்தது. நடுவுக்குக் கொடுத்தால் எதிரணியின் நெட்டைப் பெண்கள் இருவர் அங்கே கையை உயர்த்தி நின்றார்கள். ஓரத்துக்குக் கொடுத்தால் அங்கே நின்றார்கள். உள்ளிருந்து யாராவது சொல்லிக் கொடுக்காமல் இப்படி நிற்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. உதவி கோச்சை நினைத்தாள், பெஞ்சில் காத்திருக்கும் இளைய செட்டரை நினைத்தாள். நீல வண்டியைப் பார்த்த பிறகு வேறு யாரையும் நினைக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பொறி வைத்தாள். "இன்னைக்கு முக்கால்வாசி பந்து எனக்குப் பின்பக்கம், வலது ஓரத்துக்குத்தான் போகும். யார்கிட்டயும் சொல்லாத," என்று இவெலீஸிடம் மட்டும் சொன்னாள். எதிரணி அந்தப் பக்கம் சாய்ந்து நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவர்கள் சாயவில்லை. பந்து போன இடத்திலெல்லாம் முன்கூட்டியே நின்று, அந்த ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டுப் போனார்கள். இவெலீஸ் மேல் தப்பில்லை என்று நெரெய்தாவின் மனம் அப்போதே ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. பொறி என்று மோப்பம் பிடித்திருப்பாள், அதனால்தான் சொல்லாமல் விட்டிருப்பாள் என்று அது புது வழியில் ஓடியது.

மூன்றாவது ஆட்டம் சொந்த ஊரில். தோற்றால் பருவம் முடிந்தது. உடைமாற்றும் அறைக்கு வெளியே பறைகளின் சத்தம் சுவரை அதிர வைத்தது. ஆட்டத்துக்கு முன் நெரெய்தாவின் விரல்களுக்கு டேப் சுற்றிவிடுவது எப்போதும் இவெலீஸ்தான். அன்று நெரெய்தா கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"நானே சுத்திக்கிறேன்."

"மூஞ்சியப் பாரு. என்னன்னு சொல்லித் தொலை."

"எரிபெர்த்தோ வண்டியில என்ன சிரிப்பு உனக்கு?"

இவெலீஸ் டேப் உருளையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "இங்க அடுத்த வருஷம் நான் வேண்டாமாம். அவர் கூப்பிட்டாரு, பேசினேன்."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ இப்படித்தான் பார்ப்பன்னு தெரியும்."

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு. நான் வாயத் திறக்கல."

"திறக்கறதுக்கு என்ன இருக்கு?"

இவெலீஸ் பெருமூச்சு விட்டாள். "நடுவுக்குக் கொடுக்கப் போறப்ப கீழுதட்டை உள்ள இழுத்துக்குவ. ஓரத்துக்குன்னா வாய் லேசாத் திறந்திருக்கும். எத்தனையோ வருஷமா பார்க்கறேன். பந்து வராதுன்னு தெரிஞ்சா நான் பாதியிலேயே விட்டுடுவேன். என் முட்டி இன்னும் உயிரோட இருக்குன்னா அதனாலதான்."

நெரெய்தா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலயே."

"சொன்னா மாத்திக்குவியே."

"அப்ப அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கண்ணு இருக்கு. அவருக்கு இல்லையா?"

பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். வெளியே பெயர் சொல்லி அழைத்தார்கள். டேப்பின் கடைசிச் சுற்றை நெரெய்தா பல்லால் கடித்து அறுத்தாள்.

அன்று தன் உதட்டையே ஆயுதமாக்கினாள். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு ஓரத்துக்குத் தள்ளினாள். நெட்டைப் பெண்கள் நடுவிலேயே ஏமாந்து நின்றார்கள். அரங்கம் எழுந்து ஆடியது. இப்படிச் செய்யப்போவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் ஒருத்தி இருந்தாள், அவளிடமும் சொல்லவில்லை. பந்து வருமென்று நம்பி முழு மூச்சாகக் குதித்துக் குதித்து இவெலீஸ் ஒவ்வொரு முறையும் வலது முட்டியைப் பிடித்தபடி இறங்கினாள். நெரெய்தா அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

கடைசிச் செட். பதிமூன்றுக்குப் பதிமூன்று. பந்து அழகாக உயர்ந்து வந்தது. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு நெரெய்தா நடுவுக்குக் கொடுத்தாள். எதிரணி ஓரத்துக்கு ஓடியது. வலைக்கு மேலே தடுக்க ஒரு கைகூட இல்லை. அடிக்கவும் இல்லை. பாதிக் குதிப்பில் விட்டுவிட்டுத் தரையில் நின்ற இவெலீஸின் காலடியில் பந்து பொத்தென்று விழுந்தது. பறைகள் நின்றுபோயின. எதிரணிக்குப் பதினான்கு, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவர்களுக்கு.

இவெலீஸ் பந்தை எடுத்து வலைக்கு அடியில் உருட்டிவிட்டு வந்தாள். வியர்வை புருவத்தில் சொட்டியது.

"ஏமாத்தறது எனக்கும் சேர்த்துத்தானா?"

நெரெய்தா விரலில் பிரிந்திருந்த டேப்பை அழுத்தி ஒட்டினாள்.

"சரி விடு. இனிமே உன் மூஞ்சியப் பார்க்க மாட்டேன். எல்லாப் பந்துக்கும் குதிக்கிறேன். கொடுத்தாக் கொடு, இல்லன்னா விடு."

"முட்டி..."

"என் முட்டிதானே."

நடுவர் விசில் ஊதினார். எதிரணிக்காரி ஓங்கி அடித்த சர்வைப் பின்வரிசையில் ஒருத்தி விழுந்து தூக்கினாள். பந்து கூரை விளக்கை நோக்கிப் போய், வளைந்து, நெரெய்தாவின் விரல்களை நோக்கி இறங்கியது. இடது ஓரத்தில் ஒருத்தி கை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தாள். நெரெய்தாவுக்குப் பக்கத்தில் ரப்பர் காலணி கிறீச்சிட்டது. இவெலீஸ் அதற்குள் காற்றில் இருந்தாள், கையைப் பின்னுக்கு இழுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு.