சிரிக்காத கேசட்

செல்லையா வாயைத் திறந்தால் சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சிரிக்கும். கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் மூச்சு விடாமல் பாட்டாலேயே கிழிப்பான். பக்கத்தில் நான் டோலக் அடிப்பேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோதே அவனுக்குக் கோமாளி என்று பெயர். கப்பலேறி இங்கே வந்தபோது அதுவும் கூடவே வந்தது. போன வருஷம் அவன் அப்பா செத்தபோதுதான் வினை பிடித்தது. தலைமாட்டில் நின்று இவன் அழுது பாட ஆரம்பிக்க, பின்னால் இரண்டு பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பாவிகள், பழக்கதோஷம்.

அதற்கப்புறம் அவன் கல்யாணங்களில் பாடவில்லை. மீசை வைத்தான். கப்பல் பிரித்த சனங்களைப் பற்றிப் பாட்டுகள் கட்டினான். என்னையும் இழுத்துக்கொண்டு கோயமுத்தூர் போய்ப் பதிவு செய்து, ஒரு பெட்டி கேசட்டோடு திரும்பினான். அட்டையில் இரவல் கோட்டும் சிரிக்காத முகமுமாக அவன் படம்.

"இனிமே என்னைய யாரும் கோமாளின்னு சொல்ல மாட்டாங்கடா" என்றான்.

மளிகைக்கடையில் வைத்தோம். ஒரே வாரத்தில் பெட்டி காலி. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் பாட்டுச் சத்தம் கேட்கவில்லையே என்று எனக்கு உறுத்தியது. விசாரித்தேன். அத்தனை பேரும் அவன் பாட்டை அழித்து, அதன்மேல் தங்கள் பேச்சைப் பதிந்து, இலங்கையில் விட்டுவந்த பிள்ளைகளுக்கும் தங்கைகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எழுதத் தெரியாத சனம். வெற்றுக் கேசட் வாங்கக் கூடலூர் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

செல்லையாவிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. யாரைப் பார்த்துக் கத்துவது? அவன் பாடியதும் அவர்கள் கதையைத்தானே.

அன்று சாயங்காலமே காத்தாயி அக்கா வந்து நின்றாள். இந்தியா பாஸ்போர்ட் கிடைக்காமல் அவள் மகன் அங்கேயே தங்கிவிட்டவன். கடையில் கேசட் தீர்ந்துவிட்டதாம், ஒன்று கிடைக்குமா என்றாள். தனக்கென்று வைத்திருந்த கடைசிக் கேசட்டைச் செல்லையா எடுத்தான். வேண்டாமென்று நான் கையைப் பிடித்தேன். கேட்கவில்லை. டேப் ரேடியோவில் போட்டு, பதிவுப் பொத்தானை அவனே அழுத்தினான்.

அக்கா ரேடியோவைப் பார்த்து ராசா என்றாள். சாப்பிட்டியா என்றாள். அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாடா அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீ அந்தக் கங்காணிப் பாட்டப் பாடேன். எம்மவன் அதக் கேட்டாத்தான் சிரிப்பான்."

எனக்கு அவளை அடிக்கலாம் போலவும் இருந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது. செல்லையா ரேடியோவைக் கிட்டே இழுத்து வைத்தான். பிறகு டோலக்கை எடு என்றான். ஒரு வார்த்தை தப்பாமல் பாடினான். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்துக் காத்தாயி அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.