கல் சுமந்த மூன்றாம் வகுப்பு

படகு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் இருபது நிமிஷம்தான். மரிச்சு அபானில்யா பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் குனிந்து அவசர அவசரமாகக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு பிள்ளைகள், ஆளுக்கு நாலு கல், ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. தலியோன் தீவுப் பள்ளிக்கூடத்தில், புரியாததைப் புரிந்தது என்று சொல்கிற பிள்ளை தரையை விட்டு மேலே எழும்பிவிடும். தேர்வுக் குழு அதைப் பார்த்துவிடக் கூடாது.

"சப்பைக் கல்லு வேணாம்டி, உருண்டையாப் பாத்து எடு!" கரையிலிருந்து கத்தினார் தலைமையாசிரியை லகுன்சாத். "போன வருஷம் சப்பைக் கல்ல வெச்சுட்டு அந்த வாத்தியார் மானம் கூரைக்குப் போச்சு."

"மேம், பசங்க பாக்கெட்டு கிழிஞ்சிடும்."

"பாக்கெட்டு கிழிஞ்சா தெச்சுக்கலாம். வேல கிழிஞ்சா எங்க தெப்ப?"

மரிச்சு அடுத்த கல்லுக்குக் குனிந்தாள். ஆறு வருஷமாக அவள் இந்தப் பள்ளியில் தற்காலிகம். கேப்டன் என்று அழைக்கப்படுகிற தீவுத் தலைவர் பார்த்துக் கொடுக்கிற சொற்பச் சம்பளம்தான். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலியாகியிருந்தது. பெருநிலத்திலிருந்து மூன்று பேர் படகில் வருவார்கள், ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பார்ப்பார்கள், நாலு கேள்வி கேட்பார்கள், மார்க் போடுவார்கள். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ஹாங்காங் விமானம். வீட்டு வேலைக்கு அனுப்புகிற ஏஜெண்ட் டிக்கெட் எடுத்துவிட்டான். 'சூப் ரெடி' என்பதைச் சீனத்தில் சொல்லக்கூட அவளைப் பழக்கியிருந்தான்.

பிள்ளைகள் எழும்புவது எப்போது தொடங்கியது என்பதில் தீவில் இரண்டு கருத்து உண்டு. தகரக் கூரை போட்ட வருஷம் என்பார்கள் சிலர், அதற்கும் முன்னால் என்பார்கள் மற்றவர்கள். எழும்பும் உயரம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு நாலு விரல், இங்கிலீஷ் இலக்கணத்துக்கு ஓர் ஆள் உயரம், பின்னம் என்றால் நேராகக் கூரைச் சட்டம்தான். வாசலைத் தாண்டினால் கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். வகுப்புக்குள் இருக்கும்போது இறங்குவதற்கு ஒரே வழி, 'எனக்குப் புரியல' என்று வாய்விட்டுச் சொல்வது. முப்பது பேர் கேட்க அதைச் சொல்வதற்கு மணி அடிக்கும்வரை சிலந்தி வலையோடு இருந்துவிடலாம் என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். வந்த வாத்தியார்களும் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் பெஞ்சோடு கயிறு கட்டினார். ஒருவர் வகுப்புக்கு மேலே மீன்வலை விரித்தார். இன்னொருவர் பதினாலு வருஷம் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே பாடம் நடத்தி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

குழு வந்தது. தலைவர் ரெபாடோ, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிய நெட்டை மனிதர். இலையில் சுற்றி அவித்த சுமான் என்ற அரிசிப் பண்டத்தில் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். லகுன்சாத் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாடம் எடுத்திருந்தார். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. மரிச்சுவுக்குச் சொன்னது இன்னும் சுருக்கம்.

"இடது கைப் பக்கமே போவாத. சிரி. கலர் கலரா அட்டை காட்டு. சரியா நாப்பதாவது நிமிஷம் பாடத்த முடி. வாத்தியார் வேலைன்னா அவ்வளவுதான்."

மரிச்சு சிரித்தாள், அட்டை காட்டினாள். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நாலில் ஒரு பங்கு பெரிதா? முப்பத்தொரு கைகள் மேலே போயின. அவள் வலது கைகளைப் பார்த்துக் கேட்டாள், சரியான பதில்கள் வந்தன. ரெபாடோவின் பேனா திருப்தியாக ஓடியது. முப்பத்தைந்தாவது நிமிஷத்தில், இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிற தப்பை அவளும் செய்தாள்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேம்!"

பெஞ்சுகள் முனகின. கல் தாங்கியது. நாலாவது வரிசையில் மட்டும் டொக், டொக் என்று நாலு சத்தம். லென்லென் என்கிற எட்டு வயசுப் பெண்ணின் பாக்கெட்டில் ஓட்டை. அவள் இடது கையைத் தூக்கியபடியே மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தாள்.

லகுன்சாத் காலைப் பிடித்து இழுக்கும்படி ஜாடை காட்டினார். எட்டினால் கிடைக்கிற தூரம்தான். ஒரு நொடியில் உட்காரவைத்துப் பாடத்தை முடித்திருக்கலாம். மரிச்சு அண்ணாந்து பார்த்தாள். அட்டைகளை மேசையில் வைத்தாள்.

"லென்லென், எந்த எடத்துல விட்டுப்போச்சு உனக்கு?"

மேலிருந்து பதில் அழுகையோடு வந்தது. "மேம், மூணை விட நாலுதானே பெருசு? அப்பறம் எப்பிடித் துண்டு சின்னதாவும்? எனக்குப் புரியல."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கால் தரையில் இருந்தது. மரிச்சு வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "கல்ல எடுத்துக் கீழ போடுங்க. எல்லாரும்."

பதினாலு பேர் எழும்பினார்கள். குழுவில் இருந்த அம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். மரிச்சு குழுவின் தட்டில் மிச்சமிருந்த சுமானை எடுத்து வந்தாள். ஒன்றை மூன்று பேருக்கு வெட்டினாள், இன்னொன்றை நாலு பேருக்கு. "நான் மூணு பேரு குரூப்புலதான் இருப்பேன்!" என்று ஒருவன் மேலிருந்தே சண்டைக்கு நின்றான். ஏன்டா என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான், யோசித்தான், "புரியல, ஆனா துண்டு பெருசு மேம்" என்றபடி இறங்கினான். கடைசிப் பிள்ளை இறங்கியபோது பாடம் ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. படிவத்தில் 'நேர நிர்வாகம்' என்ற கட்டத்தில் மூன்று பேரும் சைபர் போட்டார்கள்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அதே அறையில் நேர்காணல் நடந்தது. ரெபாடோ அதுவரை நானூறு பேரிடம் கேட்ட கேள்வியைக் கேட்டார். "ஆசிரியர் வேலையை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?" சேவை, சின்ன வயசிலிருந்தே பிள்ளைகள் என்றால் உயிர், அம்மாவும் டீச்சர்: இந்த மூன்றுக்கும் சேர்த்து அவர் சுருக்கெழுத்தில் ஒரு குறியே வைத்திருந்தார்.

"யாராச்சும் ஒருத்தர் அண்ணாந்து பாக்கணும்ல, சார்" என்றாள் மரிச்சு.

"புரியுது, புரியுது" என்று எழுதப் போனார் ரெபாடோ. இரண்டாவது 'புரியுது' பாதி உயரத்தில் கேட்டது. நாற்காலி கீழேயே நின்றுவிட்டது.

"சார், எங்க போறீங்க?" என்றார் சிலுவை போட்ட அம்மாள்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே முப்பத்தொரு முகங்கள். "பெரியவங்களும் போவாங்களா!" என்று ஒரு குரல். லென்லென் கம்பியைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னாள். "சார், புரியலன்னு சொல்லுங்க, வந்துரலாம். யாரும் சிரிக்க மாட்டோம்." எல்லோரும் சிரித்தார்கள்.

ரெபாடோ சொல்லவில்லை. கூரைச் சட்டத்தில் தலை இடிக்க, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கே எதையோ பதினோரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான், "எனக்குப் புரியலம்மா" என்றார். கால் தரையில் பட்டதும் நேர்காணல் கட்டத்தில் முழு மார்க் போட்டுக் கையெழுத்திட்டார். மேலே என்ன இருந்தது என்று கேட்டவர்களுக்கு, தூசி என்றார்.

வேலை அரை மார்க் வித்தியாசத்தில் மரிச்சுவுக்குக் கிடைத்தது. ஹாங்காங்குக்கு அவள் சித்தி மகள் போனாள். லகுன்சாத் ஓய்வு பெற்று இறால் குட்டை வைத்தார். லென்லென் மூன்றாவது முயற்சியில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறினாள். பிள்ளைகள் இன்றைக்கும் எழும்புகிறார்கள், இறங்குகிறார்கள். கொசுவைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத்தான் அதைப் பற்றித் தீவில் பேச்சு. வருஷா வருஷம் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வருகிற இளம் டீச்சர்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அறிவுரை கேட்பார்கள். "புரிஞ்சுதான்னு கேக்காதீங்க, எது புரியலன்னு கேளுங்க. உங்களுக்கே புரியலைன்னா முதல்ல நீங்க சொல்லுங்க. வேற ஒண்ணுமில்ல, போய்ச் சாப்பிடுங்க" என்பாள் மரிச்சு. அவர்கள் எழுதிக்கொள்வார்கள். 'புரிஞ்சுது மேம்' என்று சொன்னவர்களில் பாதிப் பேரைக் கீழே கொண்டுவர மத்தியானம் ஆகும்.

பெரும் புயல் அடித்த வருஷம் தகரக் கூரை முழுவதும் கடலுக்குப் போனது. சட்டங்களைத் தச்சர்கள் இறக்கி முற்றத்தில் அடுக்கினார்கள். மூன்றாம் வகுப்பின் நடுச் சட்டத்தில், இழைப்புளியை வைக்கப் போனவர் கையை நிறுத்தி ஊரைக் கூப்பிட்டார். பென்சில் கோடுகள். நாளுக்கு ஒன்றாக நூற்றுப் பன்னிரண்டு. கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில், கோணல் மாணலான குழந்தைக் கையெழுத்து:

'மரிச்சு. மூணாங் கிளாஸ். இன்னிக்கும் டீச்சர் மேலே பாக்கல.'