முதலில் தேநீர், பிறகு கோடரி

மிர்சோஹித் இறந்து வருடம் திரும்பப் போகிறது. அன்றைக்கு ஆய்வுக்கூடத்தின் கதவில் அவர் பெயரை மாட்டுவதாக முடிவாகியிருந்தது. பித்தளைப் பலகை வந்து சேர்ந்துவிட்டது. துணி சுற்றி, குளிர் அறைக்கு வெளியே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் மனைவி ஹோசியத் ஒரு கணம் நின்று துணியின் மேல் கையை வைத்துவிட்டுத்தான் போவாள். பிள்ளையில்லாத மனிதர். அவருக்கென்று இந்தத் தாஷ்கண்டில் மிஞ்சப் போவது அந்தப் பலகையும் ஒரு புரதமும்தான்.

அந்தப் புரதத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் பாதி ஆயுளைக் கொடுத்திருந்தார்கள். கராகுர்த் என்று ஒரு கறுப்புச் சிலந்தி; திராட்சை அளவுகூட இருக்காது. புல்வெளியில் ஆடு மேய்க்கிறவனைக் கடித்தால் போதும், ஆறடி ஆள் புழுவாய்த் துடிப்பான். அதன் விஷம் நரம்பின் நுனியில் போய் உட்கார்ந்து, நரம்பு சிறுகச் சிறுகச் செலவழிக்க வேண்டியதை ஒரே மூச்சில் கொட்ட வைத்துவிடும். உட்கார வேண்டுமென்றால் ஓர் இருக்கை வேண்டுமே! அந்த இருக்கைதான் ஏற்பி. அதுவும் ஒரு புரதம். அதைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்தே தீருவேன் என்று மிர்சோஹித் ஒற்றைக்காலில் நின்றார். திட்டம் அவருடையது, கை ஹோசியத்துடையது.

மாட்டு மூளையை அரைத்துக் கரைசலாக்குவாள். சிலந்தி விஷத்தைச் சின்ன மணிகளில் ஒட்டி, ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அதன் மேல் கரைசலை ஊற்றுவாள். மற்றதெல்லாம் வழிந்து ஓடிவிடும். விஷத்தைப் பிடித்துக்கொள்கிற புரதம் மட்டும் குழாயிலேயே தங்கும். அதைப் பிரித்தெடுத்து, புரதங்களை எடைப்படி வரிசைப்படுத்துகிற கூழ்த்தகட்டில் ஓட்டிச் சாயம் ஏற்றினால், எடை அறுபத்தைந்தாயிரம் என்கிற இடத்தில் ஒரு நீலக்கோடு பளிச்சென்று நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே கோடு. சும்மா சொல்லக்கூடாது, அப்படிச் சுத்தமான கோட்டை வேறு யாரும் எடுத்ததில்லை. கைராசி என்றார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்தப் புரதத்துக்குப் பெயரே அறுபத்தைந்துதான். "என்ன ஓபா, உங்க பையன் அறுபத்தைந்து சௌக்கியமா?" என்று இளசுகள் கேலி செய்யும். மூத்த சகோதரியை அழைக்கிற மாதிரி எல்லோருக்கும் அவள் ஓபாதான்.

ஒரே ஓர் ஆள்தான் அந்தப் பையனைப் பழித்தான். மாஸ்கோவிலிருந்து வந்த வதீம் ல்வோவிச். நிறைந்த சபையில் எழுந்து, "உங்க கையில இருக்கிறது உடைஞ்ச துண்டு. முழுசு இதுல ரெண்டு மடங்கு இருக்கும். எங்க எலி மூளையில பாத்துட்டோம். உங்க மூளை கெட்டுப்போச்சு" என்றான். சபையில் சிரிப்பு. மிர்சோஹித்துக்கு முகம் ரத்தமாய்ச் சிவந்துவிட்டது. "அது என் மனைவி கையால எடுத்த மூளை. மண்டை திறந்த மறுநொடி ஐஸ்ல இருக்கும். அவ கையில ஒரு பொருள் கெட்டு நான் பாத்ததில்ல!" என்று கத்தினார். சாகிறவரை அந்த மாஸ்கோக்காரன் முகத்தில் விழிக்கவில்லை.

மண்டை திறந்த மறுநொடி. அது சத்தியமான வார்த்தைதான்.

மூளை வருவது ஊருக்கு வெளியே இருந்த மாடு வெட்டுகிற கொட்டிலிலிருந்து. அங்கே வெட்டுகிறவர்களுக்குத் தலைவர் துர்தி; தொழில் தேர்ந்த மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் உஸ்தா. ஆள் கதவு மாதிரி அகலம், மனசும் அப்படியே. படித்தவர்கள் தன்னைத் தேடி வருகிறார்கள் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. வெட்டிய தலை கல்மேடையில் கிடக்கும். ஹோசியத் பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள்.

"முதல்ல உக்காருங்க ஓபா! மாடு எங்க ஓடிடப் போகுது? அதான் தலைய எடுத்தாச்சே!"

"நேரமாகுது உஸ்தா."

"எனக்கா ஆகல? வீடு தேடி வந்தவங்களுக்கு ஒரு வாய் டீ குடுக்காம, ரத்தக் கையோட வழியனுப்புனா நான் மனுஷனா? டீ முதல்ல, அப்புறம்தான் கோடரி."

கையைத் தேய்த்துக் கழுவி, துண்டை விரித்து, ரொட்டியைப் பிட்டு வைத்து, பச்சைத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றித் திருப்பிக் கெண்டியிலேயே கொட்டி, மறுபடி ஊற்றித் தருவார். குடும்பச் செய்தி, மாட்டுச் செய்தி எல்லாம் பேசி முடித்துத்தான் கோடரியை எடுப்பார். மண்டை பிளந்ததும் அடுத்த மூச்சில் மூளை பனிக்கட்டியில் இருக்கும். மிர்சோஹித் உயிரோடு இருந்தபோது சில நாள் அவரும் கூட வருவார்; துர்தியோடு உட்கார்ந்து உரக்கச் சிரிப்பார். ஒரு தேநீரை மறுப்பதென்றால் அந்த ஊரில் முகத்தில் அடிப்பதற்குச் சமம். இதில் தப்பு இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

மிர்சோஹித் போன பிறகு அந்த வருடம் ரம்ஜான் வந்தது. சோவியத் போய்விட்டதல்லவா, மறைந்து மறைந்து நோன்பு வைத்தவர்களெல்லாம் வெளிப்படையாக வைத்தார்கள். துர்தியும் வைத்தார். ஹோசியத் போனபோது அடுப்பு அணைந்திருந்தது. "மன்னிக்கணும் ஓபா, இந்த மாசம் டீ இல்ல" என்று கூசிக்கொண்டே சொல்லிவிட்டு, கல்மேடையில் தலை வந்த கையோடு கோடரியை இறக்கினார்.

அன்று எடுத்த புரதத்தில் அறுபத்தைந்தைக் காணோம்.

அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. மேலே, இரண்டு மடங்கு எடையில், ஒரு தடித்த நீலக்கோடு. கரைசலில்தான் ஏதோ பிசகு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தாள். அடுத்த வாரம் புது மூளை, புது மணிகள். மறுபடியும் அதே பெரிய கோடு. மாஸ்கோக்காரன் சொன்ன அதே அளவு.

காரணம் பிடிபட்டது பாதிர் வீட்டில், நோன்பு திறக்கிற வேளையில். பாதிர், மிர்சோஹித்தின் மாணவன். இப்போது ஆய்வுக்கூடத்தின் தலைவன். அவன் மனைவி தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள். வாங்கப் போன ஹோசியத்தின் கை அந்தரத்தில் நின்றது. கோடரி விழுந்த நொடியிலிருந்துதான் அவள் இத்தனை வருடமும் நேரத்தைக் கணக்கில் வைத்தாள். ஆனால் மாட்டுக்கு உயிர் போனது அதற்கு முன்னால் அல்லவா! அவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மூளை மூடிய மண்டைக்குள் சூட்டோடு கிடந்தது. உயிர் போன மூளையில் புரதத்தை வெட்டுகிற நொதிகள் இருக்கின்றன. சூடு இருக்கும்வரை அவை கைவரிசையைக் காட்டும். மாஸ்கோக்காரர்கள் எலியைத் தங்கள் மேசையிலேயே கொன்றார்கள். அங்கே யார் தேநீர் கொடுத்தார்கள்?

பெருநாள் முடிந்ததும் சோதித்துப் பார்க்கக் கொட்டிலுக்குப் போனாள். துர்தி வழக்கம்போல் துண்டை விரித்தார். அவள் உட்கார்ந்தாள், தெரிந்தே குடித்தாள். அன்று சாயம் ஏற்றிப் பார்த்தால், அறுபத்தைந்து தன் பழைய இடத்தில் வந்து நின்றது, ஒன்றும் அறியாத பிள்ளையாக.

பாதிரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினாள். அவன் பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தான்.

"ஓபா, இது வேற யாருக்கும் தெரியுமா?"

"உனக்கும் எனக்கும்தான்."

"அப்ப கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும். முதல்ல பலகைய மாட்டிடுவோம். வருஷ நினைவு அன்னிக்குப் போய் அவர் செஞ்சது தப்புன்னா சொல்லுவீங்க? செத்தவங்களப் பத்தி நல்லதுதான் பேசணும். அதுதானே நம்ம வழக்கம்?"

"அந்த எலிகள் ஏன் செத்துச்சுன்னு உனக்கு இப்பப் புரியுதா?"

அறுபத்தைந்தை உடம்பில் ஏற்றினால் விஷம் நரம்பை விட்டுவிட்டு அதன் மேல் போய் உட்காரும், மேய்ப்பன் பிழைப்பான் என்பதுதான் மிர்சோஹித் கடைசியாகக் கண்ட கனவு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் செத்துக்கொண்டே இருந்தன. அளவு போதவில்லை, அளவு போதவில்லை என்று சொல்லியே அவரும் போய்விட்டார். பாதி உடைந்த நாற்காலியில் விஷம் எத்தனை நேரம் உட்காரும்?

இருந்தாலும் அவளுக்கு மனசு இரண்டாய்ப் பிளந்தது. சொல்லாவிட்டால் இன்னும் பத்து வருடம் பிள்ளைகள் உடைந்த துண்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். சொன்னால் அந்தப் பலகை ஏறாது. மாஸ்கோவில் மறுபடி சிரிப்பார்கள், இந்தத் தடவை பதிலுக்குக் கத்த அவர் இருக்க மாட்டார். அவர் கத்தியதே அவள் கையை நம்பித்தானே! அதை நினைத்தபோதுதான் அவளால் தாங்க முடியவில்லை. குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நினைவு நாளில் மண்டபம் நிறைந்தது. முற்றத்தில் பெரிய கொப்பரையில் புலாவ் வெந்துகொண்டிருந்தது. அதற்கான இறைச்சி முழுவதும் துர்தி கொடுத்தது. புதுத் தொப்பியும் கோடுபோட்ட மேலங்கியுமாக வந்தவரைப் பாதிர் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். "விஞ்ஞானத்துக்கு நானும் தோள் குடுத்தேன்" என்று அவர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தது மேடை வரை கேட்டது.

எல்லோரும் புகழ்ந்து முடித்தபின் ஹோசியத் எழுந்தாள்.

"அவர் பொய் சொல்லாதவர். அதனால நானும் இன்னிக்குப் பொய் சொல்லக் கூடாது. நாங்க முழுசுன்னு சொன்னது உடைஞ்ச துண்டு. மாஸ்கோக்காரர் சொன்னதுதான் சரி. முழுப் புரதம் இப்பக் கையில இருக்கு. இனிமே அதுலதான் வேலை செய்யணும்."

நிறுவனத்தின் இயக்குநர் எழுந்தார். "இத்தனை வருஷமா எப்படி நடந்துச்சு இது?"

அவள் நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது துர்திதான். ஒன்றும் விளங்காவிட்டாலும் நல்ல சேதி கேட்கிற முகத்தோடு முன்னால் சாய்ந்திருந்தார். தேநீர் என்ற வார்த்தை அவள் நாக்கின் நுனியில் நின்றது. பாதிர் தரையைப் பார்த்தான்.

"மாடு விழுந்ததும் மூளைய ஐஸ்ல வச்சிருக்கணும். நான் வைக்கல. மண்டைக்குள்ளயே சூடா கிடக்க விட்டுட்டேன். தப்பு என் கையில. அவர்கிட்டயும் இல்ல, வேற யார்கிட்டயும் இல்ல."

பலகையைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார் இயக்குநர். அப்புறம் என்றால் எப்போது என்று யாரும் கேட்கவில்லை. புலாவைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். சிலர் ஹோசியத்திடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்கள். புருஷன் பெயரைத் தன் வாயாலேயே கெடுத்தவள் என்று ஒரு கிழவர் அவள் காதுபடவே முணுமுணுத்தார். துர்தியின் இடம் காலியாக இருந்தது. அவர் தட்டில் கை வைக்கவே இல்லை.

அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். இனிமேல் தேநீரை மறுத்தாக வேண்டும். எந்த முகத்தோடு மறுப்பது, என்ன பொய் சொல்வது?

உள்ளே துண்டு விரித்திருக்கவில்லை. அடுப்பில் கெண்டி இல்லை. துர்தி கல்மேடையருகே கோடரியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. அவளைப் பார்த்ததும் சலாம்கூடச் சொல்லாமல், "பெட்டியத் திறங்க ஓபா" என்றார்.

ஆட்கள் தலையைக் கொண்டுவந்து போட்டார்கள். ஒரே வெட்டு. ஆவி பறக்கிற மூளையை அவள் இரண்டு கையாலும் அள்ளிப் பனிக்கட்டிக்குள் வைத்து மூடினாள். மூடியைத் துர்தியும் சேர்ந்து அழுத்தினார்.

"உஸ்தா..." என்று ஆரம்பித்தாள்.

"பேசாதீங்க. அன்னிக்கு அத்தனை பேர் முன்னால நீங்க என் பேரச் சொல்லல. தட்டு முன்னால உக்காந்தப்பத்தான் எனக்கு உறைச்சுது. என் துண்டுல உக்காந்து அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு ஓபா. நானே அவருக்கு..." கையைக் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

திரும்பி வந்து அடுப்பை மூட்டிக் கெண்டியை ஏற்றினார்.

"இப்ப உக்காருங்க. டீ எங்கயும் ஓடிடாது."

ஹோசியத் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் நீட்டிய கிண்ணத்தை அழுதுகொண்டே வாங்கிக் குடித்தாள். துர்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கோடரியைத் துடைத்தார்.