இருபத்தெட்டு ஊசிகளுக்கு என்ன பூசுவது

செவ்வாய்க்கிழமை மோரீ மீனவர் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று கடலுக்கு ஓய்வு. அதனால் மெக்கானிக் குவாமெனா எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால், வலை தைக்கிற அத்தனை பேரும் அவனுக்குப் பார்வையாளர்கள்.

எஞ்சின் நியானிபாவுடையது; கரையில் எல்லோருக்கும் அவள் 'மாமே', அதாவது அம்மா. படகும், மீனுக்குப் புகை போடுகிற ஆறு அடுப்பும்கூட அவளுடையவைதான். போன மாதம் குவாமெனா கழற்றி மாட்டிய எஞ்சின், ஒன்பதே நாளில் நடுக்கடலில் இறுகி நின்றுவிட்டது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள். படகுத் தலைவன் தாவியா அப்போதே சொல்லிவிட்டான்: "புதன் விடியறதுக்குள்ள இது ஓடணும் மாமே. இல்லேன்னா ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வேற படகுக்குப் போயிடுவேன்." சாளை மீன் குவிகிற பருவம். ஆளில்லாத படகு வெறும் மரம்.

புது பிஸ்டன் வந்தாயிற்று. அதன் நடுவில், தண்டு உரசாமல் உருள, பாதித் தீக்குச்சி நீளத்தில் இருபத்தெட்டு எஃகு ஊசிகள் வட்டமாக நிற்கவேண்டும். எதையாவது பூசி ஒட்டினால்தான் நிற்கும். குவாமெனா நீலக் கிரீஸ் டப்பாவைத் திறந்தான்.

"அத மூடு," என்றாள் நியானிபா.

"ஏன் மாமே? கிரீஸ்லயே இதுதான் ராஜா. உப்புத்தண்ணிக்கே கரையாது."

"அதான் மூடுன்றேன். பெட்ரோலுக்குக் கரையுமா?"

"எதுக்குக் கரையணும்?"

"ஊசிக்கு எண்ணெய் எங்கேர்ந்து வருது? பெட்ரோலோட கலந்துதான வருது? வாசல்ல இந்த ராஜா குந்திக்கிட்டா அது எப்படி உள்ள போகும்?"

"போன தடவ நின்னது கள்ள எண்ணெயால. அன்னைக்கே சொன்னேன்ல."

அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பழைய ஊசிகள் இரண்டை நீட்டினாள். கருகியிருந்தன. ஓரத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது.

"உன் கள்ள எண்ணெய் நீலமாவா இருந்துச்சு?"

வலைப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"மீன் சுடுறவ எஞ்சின் பேச வந்துட்டா," என்றான் குவாமெனா, அவர்களுக்குக் கேட்கும்படி.

"அடுப்படியில நிக்கிறவளுக்குத்தாம்பா எது கரையும், எது கட்டி தட்டும்னு தெரியும். ரெண்டு கிளாஸ் எடு."

இரண்டிலும் பெட்ரோல் ஊற்றினார்கள். ஒன்றில் நீலக் கிரீஸ். இன்னொன்றில், நியானிபா கைப்பையிலிருந்து எடுத்த வாசலின். குச்சியால் கலக்கிவிட்டு, இருவரும் கென்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் வாசலின் இருந்த இடம் தெரியவில்லை. நீலம், பெண் பிடிக்காத மாப்பிள்ளை மாதிரி அடியில் உர்ரென்று உட்கார்ந்திருந்தது.

குவாமெனா குரலைத் தணித்தான். "மாமே, குதிகாலுக்குப் பூசுறத எஞ்சினுக்குப் போட்டான்னு கேப் கோஸ்ட் டவுன் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. என் பேரு என்னாவறது?"

"நடுக்கடல்ல நின்னதச் சொல்லி ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுதான இருக்காங்க?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாசலினை வாங்கினான். ஊசிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிஸ்டன் வளையங்களுக்கும் அது ஓடுகிற உருளைச் சுவருக்கும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைத் தாராளமாகத் தடவினான்.

"அப்ப இந்த நீலத்த என்ன பண்றது? தலைக்குத் தேய்ச்சுக்கவா?"

"தண்ணியத் தள்ளுற காத்தாடித் தண்டுல பூசு. அங்க வர்றது கடல்தண்ணி மட்டும்தான். கீழ இருக்கிற கியர்ப் பெட்டிக்கு கியர் எண்ணெய்."

"அதுவாச்சும் எனக்குத் தெரியும்," என்றான். பிறகு டாங்க்கில் கூடுதலாக எண்ணெய் விடப் போனான்.

"கரையில விக்கிறதே கலந்த பெட்ரோல்தான? இன்னும் எதுக்கு?"

"புது பிஸ்டன் மாமே. முதல் டாங்க்குக்கு மட்டும் கூடக் கொஞ்சம் வேணும். இத நான் சொல்றேன், நீ கேளு."

நியானிபா கேட்டுக்கொண்டாள்.

தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி, மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிளம்பிய புகையிடம் அவளுடைய ஆறு அடுப்பும் தோற்றன. சத்தம் கேட்டு தாவியா வந்தான். பின்பக்கம் பீய்ச்சுகிற தண்ணீரில் கையை நீட்டிச் சூடு பார்த்தான். அரைமணி நேரம் அங்கேயே நின்று எஞ்சின் சத்தத்தைக் கவனித்தான்.

"இதே மாதிரி ஓடுமா?"

"முதல் நாள் விரட்டாத. ஓடும்," என்றான் குவாமெனா.

"ஓடலேன்னா?"

"நாளைக்கு நானும் வர்றேன். நின்னா முதல் துடுப்ப எங்கிட்ட குடு."

தாவியா அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, பக்கத்துப் படகில் ஏற்றி வைத்திருந்த தன் வலையை இறக்கப் போனான்.