சுபத்துக்கு முன்னால் கிளம்பும் பஸ்

சேந்தமங்கலம் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த தீர்த்தகிரி, போன வருஷத்தில் மட்டும் ஐந்து படம் பார்த்தவர். அந்த ஊருக்கு அது ஒரு பெரிய படிப்பு. சரக்கெடுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிற நாளில், மிளகாய் மூட்டையையும் புளி மூட்டையையும் பஸ்ஸில் ஏற்றச் சொல்லிவிட்டு, மத்தியான ஆட்டத்துக்குள் நுழைந்துவிடுவார். வெளியே வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். புளி விலை எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.

பொங்கல் முடிந்ததும், போன வருஷத்துப் படங்களில் தனக்குப் பிடித்தவற்றை அவர் கடையில் வரிசைப்படுத்தி அறிவிப்பார். பருப்பு வாங்க வந்தவர்கள் பருப்பை மறந்து நிற்பார்கள். படத்தின் பெயரை யாரும் கேட்பதில்லை. நாலாவது, பாம்பு பாடுகிற படம். மூன்றாவது, குதிரைக்காரன் ராஜாவாகிற படம். இரண்டாவது, இரட்டைப் பிறவிப் படம். எல்லாவற்றுக்கும் மேலே, கப்பல்காரன் படம். ஐந்தாவதாக வந்திருக்க வேண்டியது ஒரு சாமி படம். சாமியைக் கடைசியில் வைத்தால் கண் அவிந்து போகும் என்று மனைவி பெருமாயி சொன்னதால், அதை வரிசையில் சேர்க்காமல் படியளக்கிற சாமிக்குரிய மரியாதையோடு தனியே ஒதுக்கி வைத்திருந்தார்.

இந்த ஐந்திலும் ஒரு பொதுக் குறை இருந்தது. ஒன்றின் முடிவையும் அவர் பார்த்ததில்லை.

ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. பெட்ரோல் கிடைக்காத யுத்தகாலத்துக் கரி பஸ். ஏறுகிறவர்கள் முதலில் தள்ள வேண்டும், அதனால் ஆள் குறைவதை டிரைவர் பொறுப்பதில்லை. படமோ ஆறு மணியைத் தாண்டித்தான் முடியும். ஆகவே வில்லன் கத்தியை ஓங்கும்போதும், கதாநாயகி கிணற்றுக் கட்டையில் ஏறும்போதும் தீர்த்தகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். மறுநாள் கடையில் கதை சொல்கிறபோது, "அப்பறமுங்க?" என்று பத்துப் பேர் வாய் பிளந்து நிற்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? முடிவுகளை அவரே தயாரித்துக்கொண்டார். நம்மில் பலரும் பாதி பார்த்த படத்துக்கு முழு அபிப்பிராயம் சொல்கிறவர்கள்தானே. அவர் தயாரித்த முடிவுகளில் யாரும் சாவதில்லை. கடை வைத்திருப்பவன் வாடிக்கைக்காரர்களை அழவிட்டு அனுப்பக்கூடாது என்பது அவர் கட்சி.

கப்பல்காரன் படத்தில், வியாபாரத்துக்குக் கடல் தாண்டிப் போன புருஷனின் கப்பல் புயலில் உடைகிறது. பெண்டாட்டி கரையில் நின்று பாடுகிறாள். அந்தப் பாட்டின் நடுவில்தான் தீர்த்தகிரி எழுந்து ஓடினார். கடையில் சொன்ன கதை அதற்கு மேலும் போயிற்று. மூன்று வருஷம் கழித்து, தாடியும் சடையுமாக ஒரு பரதேசி வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். அவள் செம்பை நீட்டுகிறாள். குடித்துவிட்டு, மீதித் தண்ணீரை அவன் முருங்கை மரத்தடியில் ஊற்றுகிறான். அது அவள் புருஷனுக்கு மட்டும் உள்ள பழக்கம்.

இதை அதிகத் தடவை கேட்டவள் மாரக்காள். அவள் புருஷன் சென்றாயன் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூருக்குப் போனவன். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. சென்றாயனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அவள் உப்பு வாங்க வருவாள், மிளகு வாங்க வருவாள், வாங்கிய பிறகும் நிற்பாள்.

"ஏனுங்ணா, அந்தத் தண்ணி ஊத்தற எடத்தை இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் சொல்வார். ஒருநாள் அவள் வாசலில் புதிதாக ஒரு முருங்கைப் போத்து நட்டிருப்பதைப் பார்த்ததிலிருந்து, அந்த இடத்தை அவர் அவசரமாகச் சொல்லி முடிக்கப் பார்த்தார். அடியோடு நிறுத்த வழி தெரியவில்லை.

மாசி மாதத்தில் ஊர்க்கோடிக் களத்துமேட்டில் டூரிங் கொட்டாய் போட்டார்கள். மாட்டு வண்டியில் தமுக்கடித்துக்கொண்டு நோட்டீஸ் வந்தது. கப்பல்காரன் படம்.

தீர்த்தகிரி வெல்லத்தை நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே வைத்தார். உடனே போய்ப் பாட்டுப் புஸ்தகம் ஒன்று வாங்கிவந்தார். கதைச் சுருக்கம் இரண்டு பக்கம் இருந்தது. புயல், கப்பல், கரை, பாட்டு என்று அவர் பார்த்த இடம் வரைக்கும் வந்து, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிட்டது. அந்தப் புஸ்தகம் எழுதினவனுக்கும் ஏதோ பஸ் இருந்திருக்க வேண்டும்.

கொட்டாய்க்காரர் செங்கோட்டையனைத் தேடிப் போனார். செங்கோட்டையன் கம்பத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்தப் படத்துல கடைசீல புருஷங்காரன் வந்துருவானுங்களா?"

"மளிகைக்கடைக்காரருங்களா நீங்க? ஊரெல்லாம் இந்தப் படத்தைப் பத்தி நீங்கதான் சொல்லி வெச்சிருக்கறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. உங்க தயவுலதான் இன்னிக்குக் கூட்டமே. நீங்களே எங்கிட்ட முடிவு கேட்டா எப்புடீங்க?"

"சும்மா, ஒரு சந்தேகமுங்க."

"ராத்திரி வந்து பாருங்க. உங்களுக்கு டிக்கெட்டு வேண்டாம்."

இலவசமாகப் படம் பார்க்கக் கிடைத்தும் தீர்த்தகிரிக்குச் சந்தோஷம் வராத நாள் அது ஒன்றுதான். மாரக்காளை முதல் நாள் வராமல் தடுத்துவிடலாம் என்று அவள் வீட்டுப் பக்கம் போனார்.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்குமாட்ட இருக்குது அம்மிணி. நாளைக்கு, நாளான்னைக்குப் பாத்துக்கலாமே."

"ஒரு வருசமாக் காதுல கேட்டதுங்ணா. இன்னிக்குக் கண்ணுல பாத்துடறேன்," என்றாள். தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலை கட்டியிருந்தாள்.

கொட்டாயில் மணல்தரை. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், நடுவில் ஓலைத்தட்டி. தீர்த்தகிரி தட்டி ஓரமாக உட்கார்ந்தார். மற்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். அவர் தட்டியைக் கேட்டார். புயல் வந்தபோது அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். கரையில் பாட்டு வந்தபோது அவருடைய கால்கள் பழக்கத்தில் தாமாகவே எழுந்திருக்கப் பார்த்தன. இழுத்துப் பிடித்து உட்காரவைத்தார்.

பாட்டு முடிந்தது. அலை ஒரு தலைப்பாகையைக் கொண்டுவந்து கரையில் போட்டது. பெண்டாட்டி அதை எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டு கடலுக்குள் நடந்தாள். பிறகு மேகம். மேகத்தின்மேல் புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்து நின்றார்கள். மேலிருந்து பூ விழுந்தது. 'சுபம்' என்று பெரிதாக எழுத்து வந்து, விளக்குப் போட்டுவிட்டார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

பெண்கள் பக்கமிருந்து மாரக்காளின் குரல் வந்தது. அழுகை இல்லை, கோபம்தான்.

"ஏனுங்க படக்காரரே, மீதி எங்கீங்க?"

"என்ன மீதிங்க? சுபம் போட்டாச்சே," என்றார் செங்கோட்டையன்.

"ரெண்டு பேரும் செத்துப் போய்ட்டாங்க, அதுக்கெப்புடீங்க சுபம்? அவரு தாடியோட வந்து தண்ணி குடிக்கறது எங்க போச்சு?"

அவ்வளவுதான். ஊருக்கே விஷயம் விளங்கிவிட்டது. "முருங்கமரம் வரவே இல்லியே," என்றது ஒரு குரல். "சேலத்துக்காரனுக்கு முழுசு, நமக்குன்னா அறுத்துப்போட்டதாக்கும்," என்று பெரிய பண்ணைக் காளியப்பன் எழுந்து, பேச்சோடு பேச்சாகக் கொட்டாய்க் கம்பத்தை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார். நாலைந்து பேர் மற்ற கம்பங்களுக்கு அருகே போனார்கள்.

"சத்தியமா முழுப் படமும் ஓட்டிட்டனுங்க," என்றார் செங்கோட்டையன்.

"அதெல்லாம் வேண்டாம். தீர்த்தகிரியைக் கூப்புடு. பாத்தவரு அவருதான்," என்றார் காளியப்பன்.

எல்லாத் தலையும் திரும்பியது. தட்டியின் கீற்றிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. யார் கண் என்று அவர் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. இல்லை என்று சொன்னால் அந்தக் கண்ணுக்கு நாளைக்கு என்ன மிச்சம்? இருந்தது என்று சொன்னால் செங்கோட்டையன் முதுகு மிச்சமாகாது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தை முடிவுவரை பார்த்திருக்கிறார்; அதற்குள் இவ்வளவு கஷ்டம்.

"இருந்துச்சுங்க," என்றார்.

கம்பம் கிரீச்சிட்டது.

"ஆனா இவருமேல தப்பில்லீங்க," என்று அவசரமாகச் சொன்னார். "படப்பெட்டி எத்தனையோ ஊரு சுத்தி வருது. வழியில எங்கியாச்சும் அறுந்திருக்கும். இவருக்கே தெரிஞ்சிருக்காது."

செங்கோட்டையன் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தட்டியைப் பார்த்தார். பக்கத்தில் ஒருவர், "அந்தப் புள்ளையோட ஊட்டுக்காரன் சிங்கப்பூர்ல மாட்டிக்கிட்டானுங்க," என்று காதில் போட்டார். செங்கோட்டையன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அறுந்துதான் போயிருக்குமுங்க," என்றார். "ஊமைப்படக் காலத்துல நான் திரைக்குப் பக்கத்துல குச்சியோட நின்னு கதை சொன்னவன். படம் அறுந்தா வாயால சொல்லி முடிக்கறதுதான் எங்க வழக்கம். ஆனா அந்தத் துண்டை நான் பாக்கலை. பாத்தவரு சொல்லட்டும்."

மூங்கில் குச்சி ஒன்று தீர்த்தகிரியின் கைக்கு வந்தது. கூட்டம் உட்கார்ந்தது. காளியப்பனும் கம்பத்தை விட்டுவிட்டுச் சம்மணம் போட்டார்.

கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று சொல்வது வேறு. இங்கே பெரிய வெள்ளைத் துணியில் அவர் நிழல் நடுங்கியது ஊருக்கே தெரிந்தது. பரதேசியைக் கொண்டுவந்தார். வாசலில் நிறுத்தினார். குச்சி தானாக ஒரு மூலையைக் காட்டி, அங்கே முருங்கை மரத்தை வைத்தது. செம்பு கைமாறியது. பரதேசி குடித்தான், மீதித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினான்.

"ஏனுங்ணா."

தட்டிக்கு அப்பாலிருந்துதான். இத்தனை நாள் கடையில் நின்று கேட்ட குரல் இல்லை, ரொம்பத் தணிந்திருந்தது.

"சொல்லு அம்மிணி."

"அவருக்குக் கை காலெல்லாம் முழுசா இருந்துச்சுங்களா?"

தீர்த்தகிரி குச்சியை இறக்கினார். முழுசாக இருந்தது என்று சொல்லி, நாளைக்கு ஒற்றைக் காலோடு ஒருவன் பஸ்ஸை விட்டு இறங்கினால்? இல்லை என்று சொல்லி இன்னொருவன் காலை எடுக்க இவர் யார்? ஐந்து படத்துக்கு வாய் கூசாமல் முடிவு கட்டியவருக்கு இந்த ஒரு காலை வைக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"அதை நான் பாக்கலியே அம்மிணி," என்றார்.

பிறகு ஓலை சரசரத்தது. அவள் நன்றாக நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பரவால்லீங்க. செம்பைப் புடிக்க ஒரு கை இருந்தாப் போதும். மேல சொல்லுங்க."