நூற்றிருபது ரூபாய்ப் படிப்பு

கிழக்கு வெளுக்கும் முன்பே ரத்தினம்மாவின் கைகள் தொட்டிக்குள் இருந்தன. கை பொள்ளும் சூட்டில் சோடாத் தண்ணீர். அதில் திருமலையில் பக்தர்கள் இறக்கிய முடி மூட்டை மூட்டையாக ஊறியது. ஊரார் எண்ணெய், ஊரார் பேன், ஊரார் அழுக்கு எல்லாம் அவள் கை வழியாகத்தான் கழிந்தது. அலசிப் பிழிந்து காயப்போட்டு, பிறகு பொழுது சாயும்வரை குந்தி, வேர்ப்பக்கம் எது நுனிப்பக்கம் எது என்று பிரிக்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே ஓர் இழையை வைத்துத் தேய்த்தால் அது வேர்ப்பக்கமாக ஊர்ந்துபோகும். அப்படித் தேய்த்துத் தேய்த்து அவள் விரல்நுனியில் ரேகையே மிஞ்சவில்லை. சேருக்கு ஆறணா கூலி.

திருப்பதி ஊர்க்கோடியில் இருந்த அந்தக் கொட்டகையின் தெருப்பக்கத்து அறையில், போன ஆவணியில் முதலாளி நாகபூஷணம் ஒரு பலகை மாட்டினார். கேச அலங்காரப் பயிற்சிப் பள்ளி. டோப்பா கட்டுதல், கொண்டை, மணப்பெண் அலங்காரம். எட்டு மாதப் படிப்பு, கட்டணம் நூற்றிருபது. முடித்தவர்களுக்குச் சென்னை ஸ்டுடியோக்களில் மாதம் நூறு ரூபாய் நிச்சயம்.

அந்தப் பலகை ரத்தினம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது. புருஷன் கங்கையா செத்தபின் பிழைப்புக்காகச் சத்தியவேட்டை விட்டு வந்தவள் அவள். பதினாறு வயது மகள் சுந்தரியும் பக்கத்திலேயே குந்தி முடி பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பசுவை வித்தா நூத்தி இருவது வரும். ரெண்டு மாச சம்பளத்துல போட்ட மொதலு வந்துடும்" என்றாள் ரத்தினம்மா.

தொட்டிக்கு எதிர்ப்பக்கம் நின்ற செங்கம்மா வாயாடி. ஆனால் கணக்கில் கெட்டிக்காரி. "பசுவோட முடிஞ்சிதா? எட்டு மாசம் பொண்ணு கூலி வராதே, அத்த எங்க சேத்த? பசு குடுக்கற பால்காசு? அதுவும் போவுதில்ல?"

"போனா போவட்டும். என் கை மாதிரி அது கை ஆவக்கூடாது."

ரத்தினம்மாவின் அண்ணன் வீட்டில் நின்ற பசு கன்றோடு கைமாறியது. பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து முதலாளி கையில் கொடுத்தபோது ரத்தினம்மா அவரைக் கும்பிடவும் செய்தாள்.

சுந்தரிக்கு அபாரமான கை. மூன்று மாதத்தில் வலைத்துணியில் ஒற்றை ஒற்றை முடியாகக் கோத்து முடிச்சுப்போடக் கற்றுக்கொண்டாள். அதற்குமேல் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை. மிச்ச மாதமெல்லாம் 'பயிற்சி'. ஒன்பது பெண்கள் பயிற்சியாகக் கட்டிய டோப்பாக்கள் பெட்டி பெட்டியாகச் சென்னைக்கு ரயிலேறின. விலை முதலாளிக்கு, அனுபவம் பெண்களுக்கு!

சித்திரை பிறந்தது. சத்தியவேடு ஆந்திராவுக்கு, திருத்தணி மதராசுக்கு என்று எல்லையைப் பிரித்து முடித்திருந்தார்கள். அந்த வாரம் நாகபூஷணம் தொட்டியடிக்கு வந்தார்.

"இன்னிலேர்ந்து சேருக்கு நாலணாதான். இஷ்டம் உண்ட்டே இருங்க, இல்லன்னா போங்க."

"இன்னா மொதலாளி, அரிசி வெல ஏறிக்கினு போவுது, கூலி எறங்கிக்கினு வருதே?" என்றாள் செங்கம்மா.

"உள்ள ஒம்பது பொண்ணுங்க சும்மாவே பிரிக்குதுங்க, சிக்கெடுக்குதுங்க. பீஸ் வேற கட்டியிருக்குதுங்க. நாலணா குடுக்கறதே தர்மம்."

பசுவை விற்று ரத்தினம்மா கட்டிய பணம் அவள் கூலியையே அறுத்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கூலியையும்தான். செங்கம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் உள்ளேயிருந்து அலறல் கேட்டது. சிக்கெடுக்கும் பலகையில் விரற்கடை நீள ஆணிகள் நிமிர்ந்து நிற்கும். கற்றையை அதில் அடித்து இழுக்க வேண்டும். காலையிலிருந்து இழுத்துச் சோர்ந்த சுந்தரி, சிக்கிய கற்றையை வேகமாக இழுக்க, முடி அறுந்து, வலது கை ஆணிகளின்மேல் விழுந்தது. ரத்தினம்மா ஓடியபோது மகள் அழவில்லை. "எம்மா, வெரலு மடங்கல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தக் குரல் ரத்தினம்மாவை உயிரோடு கொன்றது.

இரண்டு விரல்களின் நரம்பு அறுந்துவிட்டது, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஒருவேளை சரியாகலாம் என்றார் டாக்டர்.

"வேலக்காரிக்குத்தான் நஷ்டஈடு. இது படிக்க வந்த பொண்ணு" என்றார் நாகபூஷணம்.

"படிச்சதுக்கு ஸ்டுடியோ வேலையாவது?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

"உங்க ஊரு இப்ப ஆந்திரா ஆயிப்போச்சு. மெட்ராஸ்காரன் அவன் ஆளத்தான் எடுப்பான். நேனேம் சேஸ்தானு? நா இன்னா பண்ணுவேன்?"

"நாங்க இருந்த எடத்துலதான் இருக்கோம். நீங்கதான் எல்லக் கோட்டக் காட்டி ஏய்க்கறீங்க" என்றாள் செங்கம்மா.

அடுத்த நாள் விடிந்தபோது தொட்டிக்கு அடியில் நெருப்பு மூட்டவில்லை. பதினான்கு பெண்கள் கதவுக்கு முன்னால் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஆறணா கூலி, பயிற்சிக்காரிகளுக்கும் அதே கூலி, சுந்தரிக்கு வைத்தியச் செலவு: இந்த மூன்றுக்கும் பதில் வராமல் முடியைத் தொடமாட்டோம் என்றார்கள். சுந்தரி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, தாயின்மேல் சாய்ந்திருந்தாள்.

முதலாளி ரத்தினம்மாவை மட்டும் ஓரமாக அழைத்தார். கையில் நோட்டுகள். "நூத்தி இருவது. உன் பீஸ் அப்படியே இருக்கு. எடுத்துக்கினு வேலூர் போ. இதுங்களோட குந்தாத."

அவள் கை நீண்டது. நீளாமல் எப்படி இருக்கும்? பெற்றவள் அல்லவா! நோட்டுகளைத் தொட்டபின் கேட்டாள்: "மத்த எட்டுப் பொண்ணுங்களுக்கு?"

"அது உனுக்கு எதுக்கு?"

"கூலி ஆறணா ஆவுமா?"

அவர் நோட்டுகளை இழுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரத்தினம்மா திரும்பி வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மகளின் விரல்களைத் தன் வாயாலேயே விற்றுவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

"நானு நூத்தி இருவதையும் வுட்டுட்டு வந்துட்டன் செங்கம்மா. எம் பொண்ணு என்ன மன்னிக்குமா?"

சுந்தரி இடதுகையால் தாயின் கண்ணைத் துடைத்தாள். செங்கம்மா எழுந்து வரிசை நெடுக நடந்தாள். இடுப்புச் சுருக்குப்பைகள் அவிழ்ந்தன. இரண்டு ரூபாய், மூன்று ரூபாய், ஒருத்தி கொடுத்தது காதுத் தோடு. தோடு போக இருபத்தேழு ரூபாய் சேர்ந்தது. வேலூருக்குப் போகப் போதும். அதற்குமேல் என்ன ஆகும் என்று எவருக்கும் தெரியாது.

"ஒம்போது மணி பஸ்ஸ புடி. கௌம்பு" என்றாள் செங்கம்மா.

"நீங்கள்லாம் இங்க குந்திக்கினு இருக்க, நான் மட்டும் எப்படி..."

அப்போது தெருப்பக்கத்து அறையின் கதவு திறந்தது. "தாட்சாயணி! உள்ள போ!" என்று நாகபூஷணம் கத்தினார். சுந்தரியோடு படித்த அந்தப் பெண் உள்ளே போகவில்லை. பின்னால் இன்னும் ஏழு பேர் படியிறங்கி வந்தார்கள். தாட்சாயணி ரத்தினம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"நீ போய்ட்டு வா அத்த. ஒன் எடத்துல நான் குந்தறேன்."

சொன்னபடியே குந்தினாள்.